திருட்டுப் பிரதி எந்த வாசல் வழியாக வெளியே போகிறது?

2024 ஜூலை கடைசி. தனுஷின் ‘ராயன்’ வெளியாகி ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்து மல்டிபிளெக்ஸ் ஒன்றில் சாய்வு இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருடைய செல்போன் மட்டும் அவர் கையில் இல்லை. குளிர்பானக் கோப்பை வைக்க இருக்கையின் கைப்பிடியில் ஒரு குழி இருக்குமே, அதில் நின்றிருந்தது. கேமரா திரையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் அவரை அங்கேயே பிடித்தது. மதுரைக்காரர். ஒரு படத்தை எடுத்துக் கொடுக்க 5,000 ரூபாய் கூலி என்று விசாரணையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன.

போலீஸ் தற்செயலாக அங்கே போகவில்லை. அதே ஆண்டு மே மாதம் வெளியான ‘குருவாயூரம்பல நடையில்’ என்ற மலையாளப் படம் இணையத்தில் கசிந்திருந்தது. தயாரிப்புத் தரப்பு கொச்சி சைபர் போலீசில் புகார் கொடுத்தது. கசிந்த பிரதியை ஆராய்ந்ததில் அது எந்தத் திரையரங்கில் எடுக்கப்பட்டது என்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்த அரங்கத்தின் இருக்கைகள்மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது.

எந்தத் திரையரங்கு என்று எப்படித் தெரியும்? இப்போது ஃபிலிம் சுருளோடு படப்பெட்டி வருவதில்லை. பூட்டிய டிஜிட்டல் கோப்பு வருகிறது. அதைத் திறக்கும் சாவி தனியாக வருகிறது. அதற்கு கேடிஎம் என்று பெயர். குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான் அந்தச் சாவி வேலை செய்யும். முதல் நாள் காலைக் காட்சி ரத்தானால் ‘கேடிஎம் வரலையாம்’ என்று வாசலில் நிற்கும் ரசிகர்களே பேசிக்கொள்கிற அளவுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் ஓடுகிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ விதிப்படி அது 35 பிட் தகவல். 16 பிட் நேரத்தைச் சொல்லும். மீதி 19 பிட் எந்த இடத்து எந்தக் கருவி என்று சொல்லும். படத்தின் ஒவ்வொரு 5 நிமிடப் பகுதியிலும் முழுக் குறியும் இருந்தாக வேண்டும். செல்போனில் எடுத்தாலும், கோப்பைச் சுருக்கினாலும், மூலையில் சூதாட்ட விளம்பரத்தை ஒட்டினாலும் குறி அழியக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் டொவினோ தாமஸ் நடித்த ‘ஏ.ஆர்.எம்.’ வந்தது. இயக்குநர் ஜிதின் லாலுக்கு அது முதல் படம். படம் திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயிலில் ஒரு பயணி அதைச் செல்போனில் பார்த்துக்கொண்டு போனார். அந்தக் காட்சியை ஜிதின் லால் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்டார். முப்பரிமாணத்தில் எடுத்த படத்தை உள்ளங்கை அகலத்துக்குள் யாரோ பார்க்கிறார், பக்கத்தில் பெட்டியும் படுக்கையும் ஆடிக்கொண்டிருக்கின்றன. வேறெந்த விளக்கமும் அந்த வீடியோவுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பிரதி கோயம்புத்தூரில் ஒரு திரையரங்கில் எடுக்கப்பட்டது என்று போலீஸ் கண்டுபிடித்தது. அந்த வழக்கில் அக்டோபரில் பெங்களூரில் இருவர் பிடிபட்டபோது அவர்களிடம் அப்போதுதான் வெளியான ‘வேட்டையன்’ பிரதியும் இருந்ததாகச் சொன்னார்கள்.

பார்வையாளர் இருக்கையிலிருந்து போகும் வாசல் இது. ஒரு படம் வெளியே போவதற்கு இதைவிடப் பெரிய வாசல்கள் துறைக்கு உள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை.

2013 செப்டம்பரில் பவன் கல்யாணின் ‘அத்தாரிண்டிகி தாரேதி’ வெளியாவதற்கு முன்பே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படம் இணையத்துக்கு வந்துவிட்டது. வெளியீட்டுத் தேதியை அவசரமாக முன்னுக்கு இழுத்தார்கள். 2015-இல் அல்போன்ஸ் புத்திரனின் ‘பிரேமம்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே தணிக்கைக்கு அனுப்பிய பிரதி கசிந்தது. தணிக்கை வாரியத்தின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் கைதானார்கள். மறு ஆண்டு ‘உட்தா பஞ்சாப்’ வெளியாகும் முன்பே தணிக்கைப் பிரதி என்ற முத்திரையோடு டொரன்டில் ஏறியது. இந்த மூன்றும் பார்வையாளரின் கைக்குப் படம் வருவதற்கு முன்பே, அல்லது அவர் கை படாமலே, வெளியே போனவை. படத்தொகுப்பு அறை, நிறங்களைச் சீராக்கும் டிஐ லேப், ஒலிக்கலவைக் கூடம், டப்பிங், சப்டைட்டில், தணிக்கை என்று ஒரு படம் எத்தனையோ மேஜைகளைக் கடந்துதான் திரைக்கு வருகிறது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதைக் கையாளுகிறவருக்கு என்ன சம்பளம், அது மாதாமாதம் வருகிறதா என்பதும் இந்தப் பேச்சின் பகுதிதான்.

‘பிரேமம்’ கசிந்தும் சாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழில் டப் செய்யாமலே சென்னையில் 200 நாளைத் தாண்டி ஓடியது. ‘அத்தாரிண்டிகி தாரேதி’யும் பெரும் வெற்றி. “திருட்டுப் பிரதி வந்தா என்ன, நல்ல படம்னா ஓடும்” என்று டீக்கடையிலும் ட்விட்டரிலும் சொல்கிறவர்கள் காட்டும் உதாரணங்கள் இவைதான். உதாரணங்கள் உண்மைதான். அவற்றிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவுதான் தவறு. ஓடிய படங்களை எண்ணலாம். எடுக்கப்படாமலே போன படங்களை யார் எண்ணுவது?

அதையும் எண்ணிப் பார்க்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் ராகுல் தேலங்கும் ஜோயல் வால்ட்ஃபோகலும் 1985 முதல் 2000 வரையிலான இந்திப் படவுலகை எடுத்துக்கொண்டார்கள். விசிஆரும் கேபிள் டிவியும் வீடுகளுக்குள் நுழைந்த காலம். இரவு கேபிளில் புதுப்படம் போடுவது தெருவுக்குத் தெரு நடந்த காலம். அந்த ஆண்டுகளில் படங்களின் வருமானம் சரிந்தது, அதோடு எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையும் அடிவாங்கியது என்பது அவர்கள் கண்டது. வெளியீட்டுக்கு முன்பே கசிந்தால் எவ்வளவு போகும் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. வெளியீட்டுக்குப் பிறகு கசியும் படத்தோடு ஒப்பிட்டால் வசூல் சராசரியாக 19.1 சதவீதம் குறைகிறது என்று அது சொன்னது. மறுபக்கமும் உண்டு. 2012-இல் கோப்புகளைப் பகிரும் மெகாஅப்லோட் தளம் மூடப்பட்டபோது பெரிய படங்களின் நிலை ஒன்றாகவும், நடுத்தர, சிறிய படங்களின் நிலை வேறாகவும் இருந்தது. வாய்வழியாகப் பரவும் பேச்சு குறைந்து சில படங்களின் வசூல் சரிந்தது என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே ‘ஒவ்வொரு டவுன்லோடும் ஒரு டிக்கெட் நஷ்டம்’ என்று கணக்குப் போடுவது சரியில்லை. 2023-இல் இந்தியாவில் திருட்டுப் பிரதிகளின் பொருளாதாரம் 22,400 கோடி ரூபாய் என்று இ.ஒய். நிறுவனமும் இணையத் தொழில் சங்கமான ஐஏஎம்ஏஐ-யும் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் 13,700 கோடி திரையரங்குப் படங்கள், 8,700 கோடி ஓடிடி. இந்த எண்ணைத் தொழில்துறையின் மதிப்பீடு என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது. அது சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

கோடம்பாக்கத்தில் படம் விற்கும் முறையைப் பார்த்தால் இது புரியும். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள்: சென்னை, என்.எஸ்.சி. (வட, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், எம்.ஆர். (மதுரை, ராமநாதபுரம்), டி.டி. (திருச்சி, தஞ்சாவூர்), டி.கே. (திருநெல்வேலி, கன்னியாகுமரி). பெரிய நடிகர் படத்துக்கு விநியோகஸ்தர் மினிமம் கியாரண்டி கொடுப்பார். படம் வெளியாகும் முன்பே தயாரிப்பாளர் கைக்குப் பணம் வந்துவிடும். ஓவர்சீஸ், சாட்டிலைட், டிஜிட்டல், ஆடியோ என்று உரிமைகளும் முன்கூட்டியே போய்விடும். முதல் மூன்று நாளில் கூட்டம் குவிந்துவிடும். திருட்டுப் பிரதி அந்தக் கூட்டத்தின் ஓரத்தைத்தான் கடிக்கும்.

சின்னப் படத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. புதுமுகங்கள், புது இயக்குநர். தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கிய பணம். விநியோகஸ்தர் கமிஷன் அடிப்படையில்தான் எடுப்பார். வெள்ளிக்கிழமை சில காட்சிகள் கிடைக்கும், அதிலும் பாதி மதியக் காட்சி. அந்தப் படத்தின் ஒரே நம்பிக்கை, பார்த்த பத்துப் பேர் நல்லா இருக்கு என்று சொல்லி அடுத்த வாரம் நூறு பேர் வருவது. இந்த இடத்தில்தான் காலம் முக்கியமாகிறது. பேச்சு பரவ ஒரு வாரமாவது ஆகும். பிரதி பரவ அரை நாள் போதும். ‘நல்லா இருக்காம்’ என்று கேள்விப்படுகிறவர் திரையரங்கைத் தேடும் நேரத்தில் டெலிகிராமில் இணைப்பு அவர் கையில் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் காட்சிகள் இரண்டாவது வாரம் கூடுவதற்குப் பதில் குறைகின்றன. ஓடிடி நிறுவனங்களும் திரையரங்கு வசூலைப் பார்த்துத்தான் விலை பேசுகின்றன என்பதால் அடி இரண்டு முறை விழுகிறது.

வெளிநாட்டுச் சந்தையில் இது இன்னும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. லண்டனை மையமாகக் கொண்ட ஐங்கரன் நிறுவனத்தின் டிவிடிகளை டொராண்டோவிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சிறிய படத்துக்கும் அந்த டிவிடியால் கொஞ்சம் பணம் வரும். டிவிடியைத் தட்டிப் பறித்ததில் ஓடிடிக்கும் பங்கு உண்டு. ஆனால் ஓடிடி வருவதற்கு முன்பே நகல் டிவிடிகளும் டொரன்டும் அதைப் பாதி தின்றுவிட்டிருந்தன.

சட்டம் என்ன செய்தது? செய்யாமல் இல்லை. 2004-இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோ தயாரிப்பவர்களையும் சேர்த்தது. சென்னை பர்மா பஜாரில் விசிடி விற்பவர்களை நோக்கிய நடவடிக்கை அது. பிறகு தட்டு போய் இணைப்பு வந்தது, கடை போய் தளம் வந்தது. 2012-இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாதவர்களுக்கு எதிரான தடை உத்தரவு கொடுத்தது. இணைய நிறுவனங்கள் அந்த உத்தரவைப் படித்துவிட்டு விமியோ போன்ற முறையான தளங்களையும் மொத்தமாக முடக்கின. தங்கள் குறும்படங்களை அங்கே ஏற்றி வைத்திருந்த இளம் கலைஞர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் ‘2.0’ வருவதற்கு முந்தைய நாள் 12,564 தளங்களை முடக்கச் சொல்லி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவை திருட்டுப் பிரதிகளை வெளியிடும் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் இயங்கியவை. படம் வெளியான சில மணி நேரத்தில் பிரதி வந்துவிட்டது.

2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ‘டைனமிக்’ தடை என்ற வழியைக் கொண்டுவந்தது. ஒரு தளம் பெயர் மாற்றி வந்தால் மறுபடி புது வழக்கு போடாமல் அதே உத்தரவின் கீழ் சேர்த்துவிடலாம். 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்கில் படம் பிடிப்பதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்று வைத்தார்கள். அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். புகார் வந்தால் இணைப்பை முடக்க அதிகாரிகளையும் அமர்த்தினார்கள். இவையெல்லாம் பயனுள்ள கருவிகள் என்பதில் சந்தேகமில்லை. யாருக்குப் பயன் என்பதுதான் கேள்வி. வெளியீட்டுக்கு முன்பே மூத்த வழக்கறிஞரை வைத்து உத்தரவு வாங்கி, வெளியீட்டு நாளில் இணைப்புகளை வேட்டையாட ஒரு நிறுவனத்தையும் அமர்த்த எத்தனை தயாரிப்பாளர்களால் முடியும்? செய்தித்தாளில் வரும் தடை உத்தரவுகளின் பட்டியலைப் புரட்டினால் எல்லாமே பெரிய பெயர்கள்.

எதிர்ப்பக்கத்தில் பணம் எப்படி வருகிறது என்பது 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது. தெலுங்குப் பார்வையாளர்களிடம் பிரபலமான ஐபொம்மா தளத்தை நடத்தியவர் என்று ஒருவரை போலீஸ் கைது செய்தது. 21,000-க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட ஹார்ட் டிஸ்க்குகள், 50 லட்சம் பயனாளிகளின் தகவல், 20 கோடி ரூபாய் வரை சம்பாத்தியம், கையில் சிக்கிய 3 கோடி என்று போலீஸ் சொன்னது. சூதாட்டச் செயலிகளின் விளம்பரம்தான் முக்கிய வருமான வழி. இலவசமாகப் படம் கொடுத்த புண்ணியவான் என்று சமூக ஊடகத்தில் பலர் அவருக்காகப் பரிந்து எழுதினார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்ணும் அந்த 50 லட்சத்தில் இருக்கக்கூடும்.

பரிந்து பேசியவர்களின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. டிக்கெட், பார்க்கிங், இடைவேளைத் தீனி என்று நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு படம் ஒரு நாள் கூலியைத் தாண்டுகிறது. பல சிற்றூர்களில் திரையரங்கே கல்யாண மண்டபமாகிவிட்டது. முறையாகப் பார்க்க வழி கொடு, பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வழியைத் திறக்க முயன்றவர்களைத் துறை எப்படி நடத்தியது? 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே கொண்டுபோகப் பார்த்தார் கமல்ஹாசன். திரையரங்க உரிமையாளர்கள் கொந்தளித்தார்கள், திட்டம் நடக்கவில்லை. 2015 மார்ச்சில் சேரன் ‘சி டு எச்’ என்ற பெயரில் தன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார். விலை 50 ரூபாய். ஊர் ஊராக முகவர்களை வைத்து, திருட்டு டிவிடி விற்கும் விலையிலேயே அசலைக் கொடுக்கும் முயற்சி. திரையரங்கு கிடைக்காமல் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் படங்களுக்கான வழி என்றுதான் அவர் அதை முன்வைத்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் யோசனை சரியான திசையில் இருந்தது என்பதைப் பாட்டுகளின் கதை காட்டுகிறது.

ஒரு காலத்தில் செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டினால் இருபது, முப்பது ரூபாய்க்கு ‘ராஜா ஹிட்ஸ்’ முழுவதையும் ஏற்றித் தருவார்கள். அந்தத் தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. போலீஸ் ரெய்டால் மறையவில்லை. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் விளம்பரத்தோடு இலவசமாகப் பாட்டு கொடுத்ததால் மெமரி கார்டை நீட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் போய்ச் சேரும் தொகை போதுமானதா என்பது இன்னொரு பெரிய சண்டை. ஆனாலும் சண்டை போடுவதற்கு ஒரு கணக்காவது இருக்கிறது. இ.ஒய். அறிக்கையிலும் ஒரு வரி இதற்குத் துணை நிற்கிறது: திருட்டுப் பிரதி பார்ப்பவர்களில் 64 சதவீதம் பேர், விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, இலவசமாகக் கிடைத்தால் முறையான வழிக்கு வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு வாரத்தில் ஓடிடியா எட்டு வாரத்தில் ஓடிடியா என்று தயாரிப்பாளர்களும் திரையரங்கினரும் மல்லுக்கட்டும் கூட்டங்களில், இரண்டாவது வாரமே திரையரங்கிலிருந்து தூக்கப்பட்ட சின்னப் படம் அந்த இடைவெளியில் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். அதை யாரும் பார்க்க வழியில்லாத அந்தச் சில வாரங்களில் திருட்டுப் பிரதி மட்டும்தான் கிடைக்கிறது.

சினிமாவுக்காவது சங்கங்கள் உண்டு, குரல் உண்டு. தமிழ்ப் புத்தகத்துக்கு அதுவும் குறைவு. ஒரு நாவல் வெளியான சில வாரங்களில் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் ‘பிடிஎஃப் இருக்கா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல வாசகர். கொடுப்பவரும் இலக்கியத் தொண்டு என்றே நினைக்கிறார். பாரதிதாசன், கல்கி போன்று நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்தையும் பழந்தமிழ் நூல்களையும் இலவசமாகப் படிக்க முறையான வழி உண்டு. 1998 முதல் மதுரைத் திட்டம் அந்தப் பணியைச் செய்கிறது. உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருப்பவரின் விஷயம் வேறு. பல நாவல்கள் சில நூறு பிரதிகளுக்குமேல் அச்சாவதில்லை. 300 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 500 பிரதியும் விற்றால் 15,000. நூறு பேருக்கு பிடிஎஃப் போன இடத்தில், அதில் இருபது பேர் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இருபது பிரதி அடுத்த பதிப்பு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய எண்ணிக்கை.

2020 மே மாதம் தைனிக் ஜாக்ரண் நாளிதழ் தன் மின்னிதழை டெலிகிராமில் பரப்பியவர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேனல்களை நீக்கவும், நடத்துபவர்களின் விவரத்தைத் தரவும் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. நாட்டின் பெரிய நாளிதழ்களில் ஒன்று என்பதால் அது முடிந்தது. இரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு பதிப்பகம் என்ன செய்யும்? 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் ஒரு வழி இருக்கிறது. இணைப்பைச் சுட்டிக்காட்டி அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் அந்த முடக்கம் 21 நாளைக்குத்தான். அதற்குள் பதிப்பாளர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வந்து காட்டவில்லை என்றால், அதே கோப்பை அதே இடத்தில் மறுபடி வைக்கத் தளத்துக்கு உரிமை உண்டு.